மூளை பிடிக்கும் என்றால் நீட் ஒன்றுதான் வழியா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மூளையைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறாள். வீட்டில் எல்லோரும் 'நியூரோ சர்ஜன் ஆகிவிடு' என்கிறார்கள். வேறு வழியே இல்லையா? பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: குரூப்பை முதலில் முடிவு செய்துவிடுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலோடு கணிதமும் உள்ள பயோ-மேத்ஸ்தான் சரி. கணிதத்தை விட்டாலும் நீட் எழுதலாம். ஆனால் ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் சேருவதற்கான ஐ.ஏ.டி. நுழைவுத் தேர்வில் நான்கு பாடங்களிலிருந்தும் தலா 15 கேள்விகள் வருகின்றன. கணிதம் படிக்காதவருக்குக் கால்வாசித் தாள் கைநழுவிப் போகும். மூளை ஆய்விலும் ஸ்கேன் படங்கள், மின்குறிகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் வேலை நிறைய உண்டு.

அடுத்து, நாள் முழுக்க எதோடு இருக்க அவளுக்குப் பிடிக்கும் என்று கேளுங்கள். நோயாளிகளோடு என்றால் மருத்துவம். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. மூளை அறுவைச் சிகிச்சைக்கு அதன் மேல் முதுநிலைப் படிப்பான எம்.எஸ். 3, அதற்கும் மேலான சிறப்புப் படிப்பு எம்.சிஎச். 3 ஆண்டு. பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன் நோய்களை மருந்தால் பார்க்கும் நரம்பியல் மருத்துவருக்கு முதுநிலையான எம்.டி.யும் அதற்கு மேலான சிறப்புப் படிப்பு டி.எம்.மும். இரண்டிலுமே மொத்தம் பதினொன்றரை ஆண்டு ஆகும். பலர் இடறுவது நீட்டில் அல்ல, நடுவில் வரும் முதுநிலைத் தேர்வில்தான். அங்கே பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ கிடைக்காமல் வேறு பிரிவில் சேர்ந்தால் டி.எம். நியூராலஜிக்கு வழி அடைபடும். மனநல மருத்துவம் எம்.டி.யோடு முடியும், எட்டரை ஆண்டு. வீட்டில் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்!

நினைவு எப்படித் தங்குகிறது, தூக்கம் ஏன் வருகிறது என்று குடைபவள் என்றால் ஆய்வுதான் அவளுக்கு ஏற்றது. ஐசரில் அறிவியல் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் நான்காண்டு மெடிக்கல் சயின்சஸ் அண்ட் இன்ஜினியரிங் படிப்புக்கும் ஐ.ஏ.டி.தான் வாசல். கருவிலுள்ள சிசுவின் மூளையை 'தரணி' என்ற பெயரில் வரைபடமாக்கி 2024-இல் வெளியிட்டது அதே ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் (ஐ.ஐ.எஸ்சி.), ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம் போன்ற இடங்களில் பிஎச்.டி. செய்யலாம். ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, வீட்டுவாடகைப்படி தனி. முப்பதை நெருங்கும்வரை நிரந்தர வேலை இருக்காது. 'இன்னும் படிக்கிறாளா?' என்ற உறவினர் கேள்விக்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால் மூளையின் மின்குறிகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. தொழில்நுட்பப் படிப்புகள் உண்டு. கைப்பக்குவம் முக்கியம். தலைத்தோலை ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் மின்முனை ஒட்டினால், மின்தடை 5 கிலோ ஓமுக்கு மேல் ஏறி, சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவைக் கெடுத்துவிடும். மருத்துவர் எதைப் பார்த்து வலிப்பு என்று சொல்வார்?

கேள்வி: சைக்காலஜியை அஞ்சல்வழியில் படித்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது. 2025 கல்வியாண்டு முதல் அஞ்சல்வழியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜியில் புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரில் தொழில் செய்ய ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவும் வேண்டும். அந்தப் பதிவுக்கு வழியாக இருந்த எம்.ஃபில். முறை மாறிக்கொண்டிருப்பதால், நீங்கள் சேரும் ஆண்டில் அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களின் இணையதளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.