ப்ளு-க-பர்ஃபே: பிரெஞ்சில் ‘போயிருந்தாள்’ என்று எழுதுவது எப்படி?

கேள்வி: டெல்ஃப் பி1 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ‘போனாள்’ என்பதுபோல் நடந்து முடிந்ததைச் சொல்லும் பாஸே கொம்போஸே ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் ‘போயிருந்தாள்’ என்பதுபோல் வரும் ப்ளு-க-பர்ஃபே எழுதும்போது துணை வினையாக அவ்வார் (‘உடைத்தாயிரு’) போடுவதா, எத்ர் (‘இரு’) போடுவதா என்று குழம்புகிறேன். அதைவிட, இந்தக் காலத்தை எந்த இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதே பிடிபடவில்லை. ஏதேனும் ஒரு வினையை எடுத்து விளக்க முடியுமா?

பதில்: பாஸே கொம்போஸே கைவந்திருந்தால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். அங்கே நிகழ்காலத்தில் நிற்கும் துணை வினையை இங்கே எம்பார்ஃபே என்ற தொடர் கடந்தகாலத்துக்கு மாற்றுகிறீர்கள். எந்தத் துணை வினை என்ற தேர்வும், துணை வினையை அடுத்து முதன்மை வினை நிற்கும் பார்த்திசீப் பாஸே வடிவமும், எதிர்மறைச் சொற்கள் நிற்கும் இடமும் அப்படியே இருக்கின்றன. இதைப் புதிய அட்டவணையாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

‘வெளியே போ’ என்ற பொருளுடைய சோர்த்தீர் வினையை எடுத்துக்கொள்வோம். ழேத்தே சோர்த்தி, து ஏத்தே சோர்த்தி, இல் ஏத்தே சோர்த்தி, நூஸ் ஏத்தியோன் சோர்த்தி, வூஸ் ஏத்தியே சோர்த்தி, இல்ஸ் ஏத்தே சோர்த்தி என்று அது வரும். இவற்றில் நான்கு இடங்களில் துணை வினை காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால், கேட்டு எழுதுபவர்கள் எழுத்தில் சறுக்குகிறார்கள். தன்மை ஒருமைக்கும் முன்னிலை ஒருமைக்கும் இறுதியில் ஏ, ஐ, எஸ் என்ற எழுத்துகள் வர வேண்டும். படர்க்கை ஒருமைக்கு ஏ, ஐ, டி. பன்மைக்கு ஏ, ஐ, ஈ, என், டி. படர்க்கையில் ஒருமையா பன்மையா என்பதை ‘இல்’ என்பதற்கும் ‘ஏத்தே’ என்பதற்கும் இடையே ஒலிக்கும் ‘ஸ்’ மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

எத்ர் துணை நிற்பதால் பார்த்திசீப் பாஸே எழுவாயோடு இயைய வேண்டும்: பெண்பாலுக்கு ஒரு ஈ, பன்மைக்கு ஒரு எஸ், பெண்பால் பன்மைக்கு இரண்டும். சோர்த்தி என்ற சொல்லில் இவை ஒலிப்பதே இல்லை என்பதால், எழுதி முடித்தபின் எழுவாயைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இதே வினைக்குச் செயப்படுபொருள் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எல் அவே சோர்த்தி லா வாலீஸ், அதாவது ‘அவள் பெட்டியை வெளியே எடுத்திருந்தாள்’. இப்போது துணை வினை அவ்வாராக மாறிவிட்டது. எழுவாய் பெண்ணாக இருந்தும் சோர்த்தியில் ஈ சேராது. ஆனால் பெட்டியைப் பிரதிப்பெயராக்கி வினைக்கு முன்னால் கொண்டுவந்து, எல் லவே சோர்த்தி என்று எழுதினால், ஈ மீண்டும் வந்துவிடும். இம்முறை அது அந்தப் பெண்ணுக்காக அன்று, பெண்பாலாகிய பெட்டிக்காக வருகிறது. மோந்தே (ஏறு), தெசாந்த்ர் (இறங்கு), ரான்த்ரே (உள்ளே திரும்பி வா), ரெதூர்னே (திரும்பிப் போ), பாஸே (கடந்து போ) ஆகிய வினைகளும் இப்படி இரு பக்கமும் நிற்பவையே. படியிறங்குவதைச் சொல்லும் ‘இல் அவே தெசாந்து லெஸ்காலியே’ என்ற வாக்கியத்தில் அவர் எதையும் இறக்கி வைக்கவில்லை. ஆனாலும் படிக்கட்டு செயப்படுபொருளாக நிற்பதால் அவ்வார்தான் வரும். ஆகவே பொருளைக் கொண்டு ஊகிக்காமல், வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று தேடுவதே பாதுகாப்பானது. இன்னொரு பொறி: எத்ர் என்ற வினையே முதன்மை வினையாக வரும்போது அதற்குத் துணை அவ்வார்தான்.

இனி, பயன்படுத்தும் இடம். ‘நான் வந்து சேர்ந்தபோது’ என்ற தொடருக்குப் பின் சோர்த்தீர் வினையை மூன்று விதமாகப் போடலாம். எல் சோர்த்தே என்றால், அவள் வெளியே போய்க்கொண்டிருந்தாள். எல் ஏ சோர்த்தி என்றால், நான் வந்ததும் அவள் கிளம்பிப் போனாள். அவளுக்கு என்மேல் கோபமோ என்றுகூடத் தோன்றும். எல் ஏத்தே சோர்த்தி என்றால், நான் வருமுன்பே அவள் போயிருந்தாள். வீட்டில் அவள் இல்லை. கடந்தகாலத்தில் ஒரு புள்ளியை நிறுத்தி, அதற்கும் முன்பு நடந்து முடிந்ததைச் சொல்லும்போதுதான் இந்தக் காலம் தேவைப்படுகிறது.

தமிழின் ‘போயிருந்தாள்’ இங்கே நல்ல துணை, ஆனால் முழுக்க நம்பக்கூடியதன்று. ‘போன மாதம் மாமா வந்திருந்தார்’ என்று நாம் வேறு எந்த நிகழ்ச்சியையும் சுட்டாமலேயே சொல்கிறோம். அதை அப்படியே ப்ளு-க-பர்ஃபேயில் எழுதினால், பிரெஞ்சு வாசகர் ‘வந்திருந்தபோது என்ன நடந்தது?’ என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அத்தகைய இடத்தில் பாஸே கொம்போஸேயே போதும்.

நிபந்தனை வாக்கியத்தில் மட்டும் தமிழை நீங்கள் தயங்காமல் பின்பற்றலாம். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் ‘இருந்தால்’ வரும் பாதிக்கு ப்ளு-க-பர்ஃபே, ‘இருப்பேன்’ வரும் பாதிக்குக் கோந்திசியோனெல் பாஸே என்ற கடந்தகால நிபந்தனை வடிவம்: ஸி ழவே ஸு, ழ ஸெரே வெனு. மாணவர்கள் பலரும் ‘ஆல்’ என்று பொருள்படும் ஸி என்ற சொல்லை அடுத்தே கோந்திசியோனெலைப் போட்டுவிடுகிறார்கள். ‘தெரிந்திருப்பால்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை அல்லவா, அந்தக் காதை அப்படியே இங்கும் பயன்படுத்துங்கள்.