குடிலுக்குப் பின்னால் ஒரு புதுவை வீதி: டிசம்பர் ஈரத்தைத் தாங்கும் அட்டை வீடுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக் குடிலுக்குப் பின்னால் வைக்க அட்டையில் சின்னச் சின்ன வீடுகள் செய்கிறோம். செய்த அன்று அழகாக இருக்கிறது. ஒரே வாரத்தில் சுவர்கள் அப்பளம் மாதிரி வளைந்து, கூரை ஒட்டு விட்டுப்போகிறது. உள்ளே சீரியல் பல்ப் வைக்கவும் பயமாக இருக்கிறது. இந்த வருடம் பனி மூடிய வீடுகள் வேண்டாம், புதுச்சேரி வீதி மாதிரி செய்யலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எந்த அட்டை, எந்தப் பசை, என்ன அளவு? போன வருட வீடுகளைச் சரிசெய்ய முடியுமா?"

உங்கள் கைவேலையில் குறை இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடலூருக்கும் புதுவைக்கும் வருடத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் கொட்டுகிறது. நீங்கள் வீடு கட்டும் மாதங்களும் அவைதான். அட்டை என்பது அழுத்தி வைத்த மரநார். காற்றில் ஈரம் ஏறினால் நார் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் அது அதிகம் மாறுவதில்லை, குறுக்குவாட்டில்தான் பல மடங்கு விரிகிறது. இதில் வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து உள்பக்கத்தை வெறுமனே விட்டால், ஒரு பக்கம் ஈரத்தைக் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. சுவர் வளைவது அதனால்தான். இந்த வருடம் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுவதென்றால் இதை மாற்றுங்கள்: வெளியே எது பூசுகிறீர்களோ, அதே அளவு உள்ளேயும் பூசுங்கள்.

அட்டைக்கு வருவோம். சட்டைப் பெட்டி, கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி அட்டை பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும் சின்ன வீட்டுக்குப் போதும். அதற்கு மேல் போனால் 1.5 மில்லிமீட்டர் கிரே போர்டு வாங்குங்கள். நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் அந்தச் சாம்பல் நிற அட்டைதான், பெரிய ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். 2 மில்லிமீட்டர் அட்டை இன்னும் உறுதி, ஆனால் ஜன்னல் வெட்டுவதற்குள் பிள்ளைகளின் கை சோர்ந்துவிடும். வீட்டுக்கு வரும் பார்சல் அட்டைப்பெட்டியைச் சுவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெட்டிய ஓரத்தில் உள்ளிருக்கும் மடிப்புகள் பல்லைக் காட்டும். ஆனால் தாழ்வாரக் கூரைக்கு அந்த மாதிரி மடிப்புள்ள அட்டை வேண்டும், பீட்ஸா பெட்டி வந்தால் எடுத்து வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். அட்டையை இரு கைகளாலும் பிடித்து ஒருமுறை நீளவாட்டிலும் ஒருமுறை அகலவாட்டிலும் லேசாக வளையுங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் முதுகு ஓடும் திசைதான் நாரின் திசை. சுவர்களில் நார் கீழிருந்து மேலாக நிற்க வேண்டும். அப்போது மூலை மடிப்புகள் நாருக்கு இணையாக வருவதால் வெடிக்காமல் மடியும். சுவர் பக்கவாட்டில் விரியப் பார்த்தாலும் தரையும் கூரையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மடிக்கும் கோட்டைக் கட்டரால் கீற வேண்டாம். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி அழுத்திக் கோடு போட்டாலே போதும். கிரே போர்டை அந்தத் தடிமனில் மடிக்க முடியாது என்பதால் நான்கு சுவர்களையும் தனித்தனியாக வெட்டி ஒட்டுங்கள். கட்டரில் புது பிளேடு போட்டு, ஒரே அழுத்தாக இல்லாமல் நாலைந்து முறை லேசாக இழுத்து வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும். இந்த வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் கத்தரியால் மெல்லிய அட்டையை வெட்டட்டும்.

வெட்டிய துண்டுகளை ஒட்டும் முன்பே ஈரத்துக்குக் காப்பு போட்டுவிடலாம். தச்சர்கள் மரச்சாமானுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் ஹார்டுவேர் கடையில் சின்ன பாட்டிலில் கிடைக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது அது. தண்ணீர் சேராததால் அட்டை உப்புவதில்லை, விரைவில் காய்ந்தும் விடும். ஒட்டப்போகும் ஓரங்களை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஒரு கை அடியுங்கள். அட்டை கொஞ்சம் பழுப்பாகும், மேலே பெயின்ட் வருவதால் கவலையில்லை. ஸ்பிரிட் தீப்பற்றக்கூடியது. அடுப்பு, மெழுகுவத்தி, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பாலிஷ் வேண்டாம் என்றால் வீட்டுச் சுவருக்கு அடித்து மிச்சமான எமல்ஷன் பெயின்ட்டையே மெல்லிசாக இருபக்கமும் அடித்து, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றிவிடுங்கள். மறுநாள் எடுத்தால் தட்டையாக இருக்கும்.

பசையைப் பொறுத்தவரை ஃபெவிகால் நல்ல பசைதான், அதில் தண்ணீர் கலப்பதுதான் தப்பு. கெட்டியாகவே எடுத்து ஓரத்தில் மெல்லிய கோடாக வையுங்கள். கூரை ஒட்டு விடுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் பசை இல்லை. ஒன்றரை மில்லிமீட்டர் ஓரத்தின் மேல் ஒரு முழுக் கூரை உட்கார்ந்திருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை 'எல்' வடிவில் மடித்து, எல்லா உள்மூலைகளிலும் முட்டுக் கொடுங்கள். ஒட்டும் பரப்பு அதிகமானால் ஒட்டு தாங்கும். க்ளூ கன்னை வீட்டைத் தரைப்பலகையில் பொருத்த மட்டும் வைத்துக்கொள்ளலாம், சுவர் மூலைகளில் அது கட்டி கட்டியாகத் தெரியும். மைதா பசை வேண்டவே வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அதைத் தேடி வரும். பைண்டிங் செய்பவர்கள் பூச்சிக்காக அதில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் சேர்க்கக் கூடாது.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் பனி வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மொரேவியன் சபைக் கிறிஸ்தவர்கள் பாலகன் இயேசுவின் குடிலைச் சுற்றி மலை, பாசி, ஆடுமாடு, வீடு என்று ஒரு ஊரையே அமைப்பார்கள். அவர்கள் 1741ல் குடியேறிய ஊருக்கு வைத்த பெயரே பெத்லகேம். பிறகு 1920களிலும் 30களிலும் ஜப்பானில் செய்த அட்டை வீடுகள் அமெரிக்காவின் மலிவுவிலைக் கடைகளில் குவிந்தன. கூரையில் ஜிகினா, ஜன்னலில் வண்ணக் கண்ணாடித்தாள், பின்சுவரில் பல்ப் நுழைக்க ஒரு ஓட்டை. அவற்றின் வாசலில் நின்ற மரங்களைப் பீர்க்கங்கூட்டில்தான் செய்தார்கள். நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே கூடு! அதைச் சின்னதாக வெட்டி, பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, அடியில் ஒரு ஈர்க்குச்சி செருகினால் வேப்பமரம் தயார். பிளாஸ்டிக் பைன் மரத்தை விட இது நம் வீதிக்குப் பொருந்தும்.

புதுவை வீதி என்று பிள்ளைகள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அட்டை வேலைக்கு அதைவிடத் தோதான வீடு கிடையாது. மேல்தளம் பெரும்பாலும் மொட்டை மாடி, சாய்வுக் கூரையின் கோணக் கணக்குகள் கிடையாது. ஒரு ஞாயிறு மாலை எல்லோரும் பஸ் ஏறிப் போய், பழைய புதுவையை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலின் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு வீதிகளில் உயர்ந்த மதில், வளைவான வாசல், மஞ்சள் சுவரில் வெள்ளைக் கரை, மதிலுக்கு மேல் வழியும் காகிதப்பூக் கொடி. மேற்கே தமிழர் வீதிகளில் தெருவைப் பார்த்த தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, நாட்டு ஓடு. எனக்குப் பிடித்தது இரண்டும் கலந்த வீடு: கீழே தாழ்வாரமும் திண்ணையும், மாடியில் வளைவு ஜன்னல்களும் ஒட்டுத்தூண்களும். ஒரே வீட்டில் இரண்டு பாணியையும் பிள்ளைகள் செய்து பார்க்கலாம்.

அதற்கு ஓர் அளவு தருகிறேன். முன்சுவரும் பின்சுவரும் 14 சென்டிமீட்டர் அகலம், 14.5 உயரம். பக்கச் சுவர்கள் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. ஆகவே வீட்டின் ஆழம் 10 சென்டிமீட்டர் வேண்டுமென்றால், இரண்டு அட்டைத் தடிமனைக் கழித்து 9.7 என்று வெட்டுங்கள். இதைக் கழிக்க மறந்தால் கூரை எதிலும் சரியாக உட்காராது. தரையிலிருந்து 7 சென்டிமீட்டர் வரை கீழ்த்தளம், 13ல் மொட்டை மாடி, மிச்ச ஒன்றரை கைப்பிடிச் சுவர். மாடித் தளத்தை ஒட்டாதீர்கள். உள்ளே 13க்குச் சற்றுக் கீழே முட்டுப் பட்டைகள் ஒட்டி அவற்றின் மேல் சும்மா உட்கார வையுங்கள், விளக்கு கெட்டால் தூக்கிப் பார்க்கலாம். கதவு 4 சென்டிமீட்டர் உயரம், மாடியில் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றும் ஒன்றரைக்கு மூன்றரை.

வளைவைத் தடித்த அட்டையில் வெட்டப் போகாதீர்கள். ஜன்னலை நேர் செவ்வகமாகவே வெட்டிவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வளைவுச் சட்டம் கத்தரித்து மேலே ஒட்டினால் ஓட்டை வளைவாகத் தெரியும், சட்டம் கொஞ்சம் புடைத்து நிற்பதால் நிழலும் விழும். தூரத்தில் வைக்கும் பொடி வீடுகளுக்கு இன்னும் சுலபம்: பஞ்சிங் மெஷினால் ஒரு ஓட்டை போட்டு, அதன் இரு பக்கத்திலிருந்தும் நேராகக் கீழே வெட்டினால் வளைவு ஜன்னல். மரக்கதவின் சாய்சட்டங்களுக்குப் பத்திரிகை அட்டையில் காலிப் பேனாவால் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் போட்டுப் பச்சை அடியுங்கள்.

தாழ்வாரம் சுவரில் 6.5 உயரத்தில் தொடங்கி, மூன்றரை சென்டிமீட்டர் முன்னால் 5 உயரத்தில் இறங்கட்டும். கூரைத் துண்டு 4.3 ஆழம் வெட்டினால் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூணுக்கு ஊதுவத்திக் குச்சி. திண்ணைக்கு இரண்டு அட்டை அடுக்கு. ஓட்டுக்குத்தான் அந்தப் பீட்ஸா பெட்டி: மேல்தாளை உரித்தால் உள்ளே அலை அலையான தாள் இருக்கிறது. பார்சல் பெட்டியின் அலை இந்த அளவுக்குப் பெரிது, பீட்ஸா பெட்டியின் அலை பொடிசு. எண்ணெய் படாத மூடியிலிருந்து எடுத்து, காவியும் பழுப்பும் கலந்து அடித்தால் நாட்டு ஓடு. சுவருக்கு டப்பாவிலிருக்கும் மஞ்சள் அப்படியே வேண்டாம், பளீரென்று இருக்கும். ஒரு துளி காவி கலந்தால் புதுவை மஞ்சள் வரும். பெயின்ட்டில் சலித்த மணல் ஒரு சிட்டிகை சேர்த்தால் சுண்ணாம்புப் பூச்சு போன்ற சொரசொரப்பு கிடைக்கும்.

எந்த அளவு என்று கேட்டீர்கள். உங்கள் குடில் சொரூபங்கள் 15 சென்டிமீட்டர் என்றால், அது நிஜ மனிதனில் சுமார் 11ல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு மாடி இல்லாத வீடே 36 சென்டிமீட்டர் வரும். அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது, தேவையும் இல்லை. வீடுகளைச் சொரூபங்களுக்குப் பக்கத்தில் வைக்காமல், குன்றுக்கு அந்தப் பக்கம், சற்று மேடாக வையுங்கள். மேலே சொன்ன வீடு முன்வரிசை. அதற்குப் பின்னால் 10 சென்டிமீட்டர், கடைசியில் 6. கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். மேய்ப்பர்கள் மட்டும் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது, நின்றால் கணக்கு கெடும். கோயில் ஒன்று வேண்டுமென்றால் கடற்கரை அருகிலுள்ள தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தை எடுக்கச் சொல்லுங்கள். 1855ல் கட்டியது, சதுர அடித்தளமுள்ள இரட்டைக் கோபுரம், அட்டையில் இரண்டு பெட்டிகள்தான். இருதய ஆண்டவர் பேராலயத்தின் கூர்வளைவுகள் அழகு, ஆனால் முதல் வருடத்துக்குக் கடினம்.

குடிலைச் சுற்றிக் கேழ்வரகு முளைக்க வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்த ஈர மண் அட்டைச் சுவரின் அடியில் பட்டால் மேலே செய்த காப்பெல்லாம் வீண். தட்டுகள் முன்னால் இருக்கட்டும். வீடுகள் தெர்மக்கோல் துண்டின் மேல், மண்ணுக்கு இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். ஓரத்தை வைக்கோலால் மறைத்துவிடலாம்.

விளக்கில் உங்கள் பயம் நியாயமானது. பழைய குண்டு சீரியல் பல்பும் மெழுகுவத்தியும் அட்டைக்குள் போகவே கூடாது. இப்போது வரும் எல்இடி சீரியல் செட் சூடு குறைவு, ஆனால் நேராக 230 வோல்ட்டில் ஓடும் செட்டில் ஒயர் உறை உரிந்திருந்தால் ஷாக் அடிக்கும். ஈர மண் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அது வேண்டாம். மொபைல் சார்ஜரில் செருகும் 5 வோல்ட் செப்புக்கம்பி எல்இடி சரம் வாங்குங்கள். ஒரே சரத்தை எல்லா வீடுகளின் பின்சுவர் ஓட்டை வழியாகவும் ஓட்டிவிடலாம். ஓட்டை ஒரு விரல் நுழையும் அளவு இருந்தால் போதும். பட்டன் செல் போடும் வகை வாங்கினால் அதன் மூடி ஸ்குரூ போட்டதாக இருக்க வேண்டும், குழந்தை செல்லை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் சாயல் உள்ள வார்ம் ஒயிட் கேளுங்கள். ஜன்னலுக்கு உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டினால் எல்இடி புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் பரவும். சட்டைப் பெட்டி அட்டையில் சுவரே ஒளிர்ந்தால் உள்பக்கம் அடிக்கும் பெயின்ட்டைக் கறுப்பாக அடியுங்கள்.

போன வருட வீடுகளைப் பற்றி: பூசணம் பிடித்தவற்றைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். மற்றவற்றில் ஒட்டு விட்ட சுவர்களைப் பிரித்து, குழிந்த பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றி, கனத்தின் கீழ் இரண்டு நாள் வையுங்கள். நேரானதும் பூசாத பக்கத்துக்குப் பெயின்ட் அடித்து, முட்டுப் பட்டைகளோடு மறுபடி ஒட்டலாம். பனிக்காக ஒட்டிய பஞ்சை உரித்துவிட்டால் அவையே கடைசி வரிசை வீடுகளாகும். ஜனவரியில் எடுத்து வைக்கும்போது நன்றாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றைப் போட்டு, தரையில் வைக்காமல் பரணில் வையுங்கள். சரத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைக்க வேண்டும், பட்டன் செல் இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். டப்பாவை மூட, மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு நாளின் மதியத்தைத் தேர்ந்தெடுங்கள், ஈரக் காற்றையும் சேர்த்து அடைத்துவிடாமல் இருக்கும்.