பள்ளி பாண்ட், பார்சல் வரி: உங்களுக்கு எவ்வளவு கூடும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் போன வருடம் 12 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். வரும் தேர்தலில் எங்கள் பள்ளி மாவட்டம் ஒரு பாண்டும் (சொத்து வரி மூலம் அடைக்கும் கட்டடக் கடன்) ஒரு பார்சல் வரியும் கேட்கிறது. இரண்டும் ஜெயித்தால் எவ்வளவு ஏறும்? எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 68 வயது, விலக்கு கிடைக்குமா?

பதில்: முதலில் சொத்து வரி பில்லில் உள்ள மதிப்பீட்டுத் தொகையைப் பாருங்கள். பாண்ட் வரி அதன் மேல்தான் விழும், இன்றைய சந்தை விலையின் மேல் அல்ல. 55 சதவீத வாக்கில் நிறைவேறும் பாண்டை ஒரு யூனிஃபைட் மாவட்டம் (தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை நடத்துவது) கொண்டுவந்தால், லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலரைத் தாண்டாது என்ற கணிப்போடுதான் கொண்டுவர முடியும். அந்த உச்ச விகிதத்தில் உங்களுக்குச் சுமார் 720 டாலர். பல காலமாக அங்கேயே இருந்து, மதிப்பீடு 3 லட்சத்தில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு 180தான். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற சட்டம் மதிப்பீட்டை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் புது விலை. புதிதாக வாங்கியவர்கள் தலையில் பாரம் கூடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான்.

பார்சல் வரி பெரும்பாலும் மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. மாவட்டம் கேட்கும் பார்சல் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கு இந்தப் பணத்தைச் செலவிடலாம். பாண்ட் பணத்தில் அது முடியாது. கூரை, ஆய்வகம், வகுப்பறைக் கட்டடம் போன்றவைதான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 65 வயது விலக்கு பார்சல் வரியில்தான் வழக்கம், பாண்டுக்குக் கிடையாது. அதுவும் மெஷரின் (வாக்குக்கு வரும் தீர்மானத்தின்) முழு வாசகத்தில் எழுதியிருக்க வேண்டும். வழக்கமாக அந்த மூத்தவர் வீட்டு உரிமையாளராகவும் அங்கேயே குடியிருப்பவராகவும் இருக்க வேண்டும். பத்திரத்தில் அம்மா பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் கிடைக்காது. தகுதி இருந்தாலும் தானாக வராது; பள்ளி மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், சில மாவட்டங்களில் ஆண்டுதோறும்.

ஓட்டுப் போடும் முன் வாக்காளர் கையேட்டில் பாண்டுக்கான வரி விகித அறிக்கையைத் தேடிப் படியுங்கள். வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்ற கணிப்பு அதில் இருக்கும். அப்புறம் திட்டப் பட்டியல். எந்தப் பள்ளியில் என்ன வேலை என்று தெளிவாக எழுதியிருந்தால் நான் தயங்காமல் ஆதரிப்பேன். வெறுமனே ‘நவீனப்படுத்துதல்’ என்று இருந்தால், பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போய் விவரம் கேளுங்கள்.

வரியை எஸ்க்ரோ வழியாக, அதாவது வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்துக் கடன் நிறுவனம் மூலம் கட்டுகிறீர்கள் என்றால், அடுத்த மறுகணக்கில் மாதத் தவணை உயரும்.