அப்பாவுக்குச் சொல்லாமல் சென்னைக்கா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். நாலு வருசத்துக்கு முன்னர் புரொஸ்டேட் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி, பிறகு குளிசை, போன வருசம் கீமோ எல்லாம் கொடுத்தும், நோயின் நிலையைக் காட்டும் பிஎஸ்ஏ என்ற இரத்த அளவு திரும்ப ஏறுகிறது. சென்னையில் லுட்டீசியம் என்ற கதிரியக்க ஊசி போடுகிறார்களாம், உடனே கூட்டிக்கொண்டு போ, காசு காணாவிட்டால் காணியை ஈடு வைப்போம் என்று கனடாவிலிருக்கும் அண்ணா நிற்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. 'சலப்பையில் வீக்கம்' என்றே சொல்லி வைத்திருக்கிறோம். கதிர் உடம்போடு வீட்டுக்கு வந்தால் கிணத்துத் தண்ணியும் பழுதாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறா. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அப்பாவோடு யார் போவது, அவருக்கு என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது?
— மகள், கோண்டாவில்

பதில்: அன்பின் தங்கச்சி, நீங்கள் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுக்கிறேன். அதைத் தீர்க்காமல் மற்றது ஒன்றையும் தீர்க்க முடியாது.

நாலு வருசமாகக் கிளினிக்குக்குப் போய் வருகிறார் உங்கள் அப்பா. கோண்டாவிலிலிருந்து போவதென்றால் அனேகமாகத் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் இருக்கும். அது என்ன ஆஸ்பத்திரி என்று யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். கீமோ ஏறும்போது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கதைக்காமலா இருந்திருப்பார்? வாழ்நாள் முழுக்கக் கணக்குப் புத்தகம் பார்த்த மனிசன் தன் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்க்காமலா விட்டிருப்பார்? என் எண்ணம், அவருக்குத் தெரியும். உங்களுக்காக அவர் தெரியாதது போல இருக்கிறார், அவருக்காக நீங்கள் இருக்கிறீர்கள். ஊசியும் குளிசையுமாகப் போனவரை இந்த ஏற்பாடு ஓடியது. இனி ஓடாது.

ஏனென்று சொல்கிறேன். இந்த மருந்து கொடுக்கும் இடம் மற்ற வாட்டுகளைப் போல இராது. கதவில் கதிரியக்க எச்சரிக்கைக் குறி ஒட்டியிருக்கும். ஊசி நாளத்துக்குள்ளால்தான் ஏறும், அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், வலியும் பெரிதாக இல்லை. ஆனால் அதன் பிறகு அவரைத் தனி அறையில் வைப்பார்கள். இந்தியாவில் பெரும்பாலும் ஓரிரு நாள். நீங்கள் உள்ளே போக முடியாது. தாதி வந்தாலும் சொல்ல வேண்டியதைத் தள்ளி நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை யாராவது கருவியோடு வந்து உடம்பிலிருந்து எவ்வளவு கதிர் வருகிறது என்று அளந்து பார்ப்பார்கள். 'சலப்பை வீக்கம்' என்று நம்பிப் போன ஒருவர் அந்த அறையில் தனியே இருந்து என்ன நினைப்பார்? சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்கப் போகிறவரும் அவர்தான். வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆளென்றால் சங்கத்தில் முகாமையாளராக இருந்திருக்க மாட்டார்.

எப்படிச் சொல்வது? நீட்டி முழக்க வேண்டாம். அம்மாவும் நீங்களும் இருக்கிற ஒரு பின்னேரம், "அப்பா, உங்கட வருத்தத்தைப் பற்றி உங்களுக்கு என்ன விளங்கியிருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். "எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், நீங்கள் பாருங்கோ" என்றாரென்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு. ஆனால் அந்த வசனம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அண்ணாவின் வட்ஸ்அப் குறூப்பிலிருந்து வரக்கூடாது.

இனி மருந்து. புரொஸ்டேட் புற்றுநோய்க் கலங்கள் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்று ஒரு புரதம் நிறைய இருக்கும். இரத்தத்தில் போய் அந்தப் புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறில் லுட்டீசியம் 177 என்ற கதிரியக்க உலோகத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். அதிலிருந்து வரும் பீட்டா கதிர் உடம்புக்குள் கூடினால் 2 மில்லிமீற்றர்தான் போகும். ஒட்டிய இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் எரிக்கும். எலும்பில் பத்து இடத்தில் பரவியிருந்தாலும் பத்து இடத்துக்கும் போய்ச் சேரும். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையால் அது கஷ்டம். வழமையான அளவு, கதிரியக்கத்தை அளக்கும் அலகில், ஒருமுறைக்கு 7.4 கிகாபெக்கரல், ஆறு கிழமைக்கு ஒருமுறை, கூடினால் ஆறு முறை.

நன்மை எவ்வளவு? உங்கள் அப்பாவைப் போலவே குளிசையும் கீமோவும் எடுத்து முடித்த 831 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. அதைப் பார்த்துத்தான் 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 15.3 மாதத்துக்கு மேல் இருந்தார்கள். வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11.3 மாதத்துக்கு மேல். மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குப் பிஎஸ்ஏ பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது. சிலருக்கு எலும்பு நோ குறைந்து, மோர்பினைக் குறைத்து, திரும்ப நடமாட வருகிறது. சிலருக்கு ஒன்றும் கேட்காது. அண்ணா சொல்வது போல இது 'சுகமாக்கிற' ஊசி இல்லை. காலமும் கொஞ்சம் நிம்மதியும் வாங்கித் தரக்கூடிய ஊசி. அதை வாங்குவதா என்று கணக்குப் பார்க்க உங்கள் வீட்டில் அப்பாவைவிடத் தகுதியானவர் யார்?

காணி உறுதியை இப்போதைக்கு அலுமாரியிலேயே வையுங்கள். முதலில், அந்தப் புரதம் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். அதில் நோயுள்ள இடங்கள் நன்றாகப் பளிச்சென்று தெரிந்தால்தான் மருந்து போய் ஒட்டும். தெரியாவிட்டால் எத்தனை லட்சம் கொட்டினாலும் பிரயோசனம் இல்லை. ஈமோகுளோபின், குருதிச் சிறுதட்டு, சிறுநீரகம் மூன்றும் தாங்குமா என்றும் பார்ப்பார்கள். கீமோ எடுத்த உடம்பில் இரத்தத்தை உருவாக்கும் என்பு மச்சை களைத்துப் போயிருக்கும். ஆகவே ஸ்கேனுக்கு மட்டும் காசை ஒதுக்குங்கள். பிறகு ஒரு முறைக்கு எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொரு முறையாகக் கட்டுங்கள். ஆறுக்கும் சேர்த்துக் கட்டினால் கழிவு என்று யாராவது சொன்னால் அந்தக் கழிவு வேண்டாம். இரண்டு முறைக்குப் பிறகும் பிஎஸ்ஏ ஏறுமுகமாகவே இருந்தால் நிற்பாட்டச் சொல்லும் வைத்தியர்தான் நல்ல வைத்தியர். இந்தியா மும்பையிலுள்ள தன் துருவா அணு உலையில் லுட்டீசியத்தைத் தானே தயாரிப்பதால்தான் அங்கே செலவு மேற்கு நாடுகளைப் போல இல்லை. அப்படியிருந்தும் நமக்கு அது சின்னக் காசு அல்ல; தங்குமிடமும் விமானச் சீட்டும் வேறு. புறப்பட முன்னர் தெல்லிப்பளை வைத்தியரிடம் சொல்லுங்கள். மறைத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்து இரத்தம் குறையும்போது அதே வைத்தியரிடம்தானே ஓட வேண்டும்?

பக்கவிளைவில் பெரிய கரைச்சல் களைப்பும் வாய் உலர்வும். அந்தப் புரதம் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கொஞ்சம் இருப்பதால் மருந்து அங்கும் போய்விடுகிறது. நான் சொன்ன ஆய்வில் நூற்றுக்கு 39 பேருக்கு வாய் உலர்ந்தது. புட்டுத் தொண்டைக்குள் இறங்காது, பாண் அண்ணத்தில் ஒட்டும். இடியப்பத்தைச் சொதியில் ஊற வைத்துக் கொடுங்கள், சோற்றைக் குழைத்துக் கொடுங்கள், மிளகாய்த்தூளைப் பாதியாக்குங்கள், கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். முதல் சில நாள் எலும்பு நோ கூடவும் கூடும். நோக்குளிசை இல்லாமல் சென்னையை விட்டு வெளிக்கிட வேண்டாம். யாராவது மூலிகைக் கசாயம் கொண்டு வந்து தந்தால் வைத்தியரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். இந்த நேரத்தில் சிறுநீரகத்தை வைத்து விளையாடக் கூடாது.

அம்மாவின் கிணற்றுக்கு வருகிறேன். சுண்ணாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த ஊரில் அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் இது வேறு. உடம்பில் ஒட்டாத மருந்தில் பெரும்பங்கு முதல் இரண்டு நாளுக்குள் சலத்தோடு போய்விடும். அது அந்த ஆஸ்பத்திரியின் தனித் தொட்டியில் தேங்கிச் சக்தி குறைந்த பிறகே வெளியே விடப்படும். மிச்சமாக உடம்பில் இருப்பதும் 6.6 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். இரண்டு மாதம் கழிய ஆயிரத்தில் இரண்டு பங்களவுதான் இருக்கும். உங்கள் கிணறு பழுதாகாது. வீட்டுக்கு வந்ததும் அப்பா இருந்துகொண்டே சலம் கழிக்கட்டும், இரண்டு தரம் தண்ணீர் ஊற்றட்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். அவரது உடுப்பையும் துவாயையும் சில நாளைக்கு வேறாகத் தோயுங்கள். இரவில் எழும்ப வேண்டி வருமே என்று இந்த வயதில் ஆண்கள் தண்ணீரைக் குறைப்பார்கள். அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள், நிறையக் குடிக்க வேண்டும்.

அருகில் இருப்பதற்கும் கணக்கு இருக்கிறது. மருந்தோடு வரும் அமெரிக்க அறிவுறுத்தலின்படி வீட்டிலுள்ள பெரியவர்கள் 2 நாளைக்கும், சிறுபிள்ளைகளும் கர்ப்பிணிகளும் 7 நாளைக்கும் மூன்று அடிக்கு உள்ளே நெருங்கி இருப்பதைத் தவிர்க்க வேண்டும். படுக்கும் அறை பெரியவர்களுக்கு 3 நாள், பிள்ளைகளுக்கு 7 நாள், கர்ப்பிணிக்கு 15 நாள் வேறாக இருக்க வேண்டும். சென்னையில் இதைவிடக் கூடச் சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். அம்மா பயப்பட ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு பழையபடி ஒரே அறையில் படுக்கலாம். வருத்தம் பார்க்க நெஸ்ரமோல்ட்டும் தோடம்பழமுமாக வருகிற சொந்தபந்தத்தை ஒரு கிழமை கழித்து வரச் சொல்லுங்கள். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, "களைப்பாக இருக்கிறார்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

ஆக, கூடப் போகக்கூடாதவர் நீங்கள்தான், தங்கச்சி. கடைசி மகள் நான் போகாமல் யார் போவது என்ற எண்ணத்தை விடுங்கள். விமானத்தில் அருகருகே இருக்கை, லொட்ஜில் ஒரே அறை, ஒரே மலசலகூடம் என்றுதான் இந்தப் பயணம் அமையும். அப்பா திரும்பி வந்ததும் இரண்டு கிழமைக்கு நீங்கள் மாமியார் வீட்டில் நில்லுங்கள். சென்னைக்கு அண்ணா போகட்டும். காசு அனுப்புவது ஒரு உதவி. பத்து நாள் லீவு எடுத்து வந்து அப்பாவோடு லொட்ஜில் படுப்பது வேறு உதவி. அவரால் முடியாவிட்டால் சித்தப்பாவின் மகனோ மச்சானோ, ஆண்பிள்ளை ஒருவர் போவது அப்பாவுக்கும் கூச்சமில்லாமல் இருக்கும். சலம் பற்றி மகளோடு கதைக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

போகிறவர் கையில் இருக்க வேண்டியவை: பயொப்சி அறிக்கை, திகதியோடு எல்லாப் பிஎஸ்ஏ முடிவுகளும், கீமோ எத்தனை, கடைசியாக எப்போது என்ற விபரம், ஸ்கேன் அறிக்கை மட்டுமல்லாமல் சீடியும். திரும்பும்போது, கதிரியக்க மருந்து ஏற்றப்பட்டது என்று திகதி போட்ட கடிதம் ஒன்றை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். விமான நிலையங்களில் கதிர் உணரும் கருவிகள் இருக்கின்றன. கிழமைக் கணக்கில் கழிந்த பிறகும் அவை சத்தம் போடலாம். பலாலியில் இறங்கி அப்பா விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. "இனி இந்த விசயமாக எனக்குக் கோல் எடுக்க வேண்டாம், அப்பாவுக்கு எடுங்கோ" என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னர் நீங்கள் அப்பாவோடு கதைத்திருக்க வேண்டும்.