ஒரு பென்னிப் பத்திரிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ஐரோப்பியத் தொழிற்புரட்சிக் காலம் பற்றிப் பேசினோம். ஒரு நண்பர், "அந்தக் காலத்தின் சிந்தனை வால்டேர், ரூசோ போன்ற படித்தவர்களுடையது. இயந்திரம் பொறியாளர்களுடையது. தொழிலாளிகள் கொண்டுவந்தது பசி மட்டும்தான். கூலி குறைந்தால் மெஷினை உடைப்பார்கள், ரொட்டி விலை இறங்கினால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துப் பேச விவரமும் இல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெண்கள் இதில் எங்கே இருந்தார்கள்?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உங்கள் மனம் ஒப்பாமல் போனது நியாயம்தான். எனக்கு ஓரளவு தெரிந்த இங்கிலாந்தை மட்டும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

1792 ஜனவரியில் லண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியில் ஒரு மதுக்கடையில் ஒன்பது பேர் கூடினார்கள். கூட்டியவர் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி (பிற்காலத்து நாவலாசிரியர் ஹார்டி வேறு). சந்தா வாரம் ஒரு பென்னி. உறுப்பினர் எண்ணிக்கைக்கு எல்லை கிடையாது என்பது முதல் விதி. லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம் இப்படித்தான் பிறந்தது. தொடர்ந்து ஐந்து இரவுகள் அவர்கள் ஒரே கேள்வியை விவாதித்தார்கள்: கைத்தொழில் செய்பவர்களும் சிறு கடைக்காரர்களுமான நமக்கு, நாடாளுமன்றத்தைத் திருத்தக் கோரும் உரிமை உண்டா? உண்டு என்று முடிவானது. ரொட்டி விலையைப் பேசத்தான் கூடினார்கள் என்றால் இந்தக் கேள்விக்கு ஐந்து இரவு எதற்கு?

அரசு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1794 மே மாதம் ஹார்டியைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தது. தீர்ப்பு எதிராகப் போயிருந்தால் மரண தண்டனை. அவர் சிறையில் இருந்தபோது ஒரு கும்பல் அவர் வீட்டைத் தாக்கியது. கர்ப்பிணியாக இருந்த மனைவி லிடியா சில வாரங்களில் பிரசவத்தில் இறந்தார். நவம்பர் 5 அன்று ஜூரிகள் ஹார்டியை விடுதலை செய்தார்கள். அப்புறம் 1799இல் நாடாளுமன்றம் சங்கத்தின் பெயரையே சட்டத்தில் எழுதித் தடை செய்தது.

உங்கள் நண்பர் சொன்ன மெஷின் உடைப்புக்கு வருவோம். 1811இல் நாட்டிங்ஹாம் பகுதியின் காலுறைப் பின்னலாளர்கள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்த முதலாளியின் பின்னல் இயந்திரங்களையும், அகலத் துணியை வெட்டித் தைத்து மட்டமான காலுறை செய்தவர்களின் இயந்திரங்களையும் பார்த்து உடைத்தார்கள். நியாயமான கூலி கொடுத்தவரின் இயந்திரங்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். திருப்பூர்க்காரரான உங்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 1812இல் பின்னல் இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்று ஒரு மசோதா வந்தபோது, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியவர் கவிஞர் பைரன். ஆனாலும் மசோதா நிறைவேறியது.

என்னை மிகவும் பாதித்தது பத்திரிகைகளின் கதை. 1815இல் ஒவ்வொரு செய்தித்தாளுக்கும் நான்கு பென்னி முத்திரை வரி என்று ஆக்கினார்கள். ஏழு பென்னிக்கு விற்ற தாளில் பாதிக்கு மேல் வரி. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட பெருங்கூட்டத்தின்மீது குதிரைப்படையை ஏவினார்கள். கூட்டம் நடந்த இடம் செயின்ட் பீட்டர் திடல். நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை நினைத்து மக்கள் அதற்குப் பீட்டர்லூ என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மலிவான அரசியல் வார இதழ்களுக்கும் முத்திரை வரி வந்துவிட்டது. வெறும் பசிக் கூட்டத்துக்குப் பயந்த அரசு பத்திரிகையின் விலையை ஏற்றி என்ன செய்யப் போகிறது?

பீட்டர்லூ மேடையில் இருந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கார்லைல். டெவன் பகுதியிலிருந்து வந்த தகரவேலைக்காரர், அப்புறம் புத்தகம் அச்சிட்டு விற்றவர். மத நூல்களைக் கேள்விக்குள்ளாக்கும், அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெய்னின் 'பகுத்தறிவின் யுகம்' நூலை வெளியிட்டதற்காக 1819இல் அவர்மீது வழக்கு நடந்தது. தன் தரப்பு வாதம் என்று சொல்லி அந்த நூலை நீதிமன்றத்திலேயே வாசித்தார். வாசித்தது வழக்கின் பதிவில் சேர்ந்துவிட்டது. வழக்கின் பதிவைத்தானே அச்சிடுகிறோம் என்று மலிவு விலையில் அதை விற்றார்கள். தண்டனை மூன்று ஆண்டு, கூடவே பெரிய அபராதம். அபராதம் கட்டாததால் ஆறு ஆண்டுகள் டார்செஸ்டர் சிறையில் இருந்தார்.

கடை மூடவில்லை. மனைவி ஜேன் விற்றார், சிறைக்குப் போனார். சகோதரி மேரி ஆன் விற்றார், அவரும் போனார். அதன்பின் பல ஊர்களிலிருந்து தொழிலாளிகள் தாங்களாகவே வந்து கடையில் நின்று, விற்று, சிறைக்குப் போனார்கள். விற்பவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாதபடி ஒரு பொறிகூட வைத்தார்கள். முகப்பில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் நூல்களின் பெயர்கள். முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் புத்தகம் வந்து விழும். சாட்சி சொல்ல யார் முகமும் இருக்காது. இயந்திர யுகத்தில் தொழிலாளிகள் தங்களுக்காகச் செய்துகொண்ட இயந்திரம் இது.

பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கடையில் நின்றவர்களில் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த லேஸ் தொழிலாளி சூசன்னா ரைட் ஒருவர். 1822இல் கைக்குழந்தையோடு நீதிமன்றத்துக்கு வந்து தனக்காகத் தானே வாதாடினார். அவரும் சிறைக்குப் போனார். பீட்டர்லூ மேடையில் மான்செஸ்டர் பெண்கள் சீர்திருத்தச் சங்கத் தலைவர் மேரி ஃபில்ட்ஸ் இருந்தார். இத்தனைக்குப் பிறகும் 1838இல் தொழிலாளிகளின் அரசியல் கோரிக்கைகளைத் தொகுத்து வந்த மக்கள் சாசனம் ஆண்களுக்கு மட்டுமே வாக்குக் கேட்டது. பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று வரைவு எழுதிய தச்சர் வில்லியம் லவெட் விரும்பினார். கோரிக்கையே தள்ளிப்போகும் என்று மற்றவர்கள் பயந்து அதை எடுத்துவிட்டார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆண்களோடு சமமாகப் பெண்கள் வாக்களிக்க 1928 ஆகிவிட்டது.

அந்தச் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். கூலி ஒரு வரியில்கூட இல்லை, ரொட்டியும் இல்லை. பசி இருந்தது, மறுக்க மாட்டேன். 1842 கொடுமையான ஆண்டு. ஆனால் அந்த ஆண்டில்தான் 33 லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்தோடு இந்த ஆறும் நாடாளுமன்றத்துக்குப் போனது. பசித்தவர்கள் தங்கள் பசிக்கான காரணத்தைத் தேடி, சட்டம் செய்யும் இடம்வரை வந்து நின்றார்கள். சிந்தனை என்று இதைத்தானே சொல்வோம்?

இதற்கு நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. கார்லைல் இறந்தபின் அவருடைய துணைவி எலிசா ஷார்ப்பிள்ஸ் வீட்டில் தங்கியிருந்த இளைஞர் சார்லஸ் பிராட்லா. அவர் 1866இல் தொடங்கிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் தொடர்பில் சென்னையிலும் இலௌகிகச் சங்கம் இயங்கியது. அதன் தமிழ் இதழ் 'தத்துவவிவேசினி' 1882 முதல் 1888 வரை வந்தது. தொகுதிகளாக மறுபதிப்பு கிடைக்கிறது. உங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.