பிள்ளைக்கு காளானும் மூலிகையும்தான் பிடிச்சிருக்கு, நர்சிங்ல சேக்கவா வேண்டாமான்னு கேட்ட அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, உங்க மெசேஜ முழுசா வாசிச்சேன். தடிக்காரன்கோணத்துல இருந்து ரப்பர் பால் வெட்டுக்கு போயி ரெண்டு பிள்ளைய படிக்க வைக்கிற ஆளுக்கு வெப்ராளம் வரத்தான் செய்யும், அதுவும் மூத்தவ பியூர் சயின்ஸ் குரூப் முடிச்சிட்டு நர்சிங் வேண்டாம் காட்டுக் காளான், மூலிகை பத்தி ஆராய்ச்சி பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கும்போது, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்பி மாடி வீடு எழும்புதத நீங்க தினமும் பாத்துக்கிட்டு இருக்கும்போது.

நர்சிங்க நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைக்கு ரத்தத்த பாத்தாலே தல சுத்துதுன்னு நீங்களே எழுதிருக்கீங்க. அந்தப் பிள்ளைய நாலு வருஷம் வார்டுல நிப்பாட்டி என்னத்துக்கு. அது முடிஞ்சுது, அடுத்ததுக்கு வருவோம்.

பிள்ள கேட்கிறது என்ன வேலைன்னு உங்களுக்கும் தெரியல, அவளுக்கும் பாதிதான் தெரியுது. காளான், மூலிகைன்னதும் காட்டுக்குள்ள போயி பறிச்சு மருந்து செய்யுத வேலைன்னு நெனைக்காங்க. இந்த லைன்ல முக்கால்வாசி கெமிஸ்ட்ரி அண்ணாச்சி. மருந்துவாழ் மலைல அனுமார் கொண்டுபோன சஞ்சீவி மலைத் துண்டு விழுந்து மூலிகை முளைச்சுதுன்னு நாம கத சொல்லுவோம், லேப்ல உக்காந்திருக்கிற ஆளு கேட்கிறது, இந்தச் செடில எந்த மூலக்கூறு இருக்கு, இலையிலயா வேர்லயா, ஆடி மாசம் பறிச்சா எவ்வளவு, தை மாசம் பறிச்சா எவ்வளவு, அதே செடி பேச்சிப்பாறைல ஒரு அளவும் ஆரல்வாய்மொழி காத்துல ஒரு அளவும் ஏன் காட்டுது. துளசியவே எடுத்துக்கோங்க, ஒரு எடத்துத் துளசி எண்ணெய்ல யூஜெனால்ங்கிற வாசனைப் பொருள் தூக்கலா இருக்கும், இன்னொரு எடத்துல மெத்தில் சாவிகால்ங்கிற வேற வாசனைப் பொருள் தூக்கலா இருக்கும், கண்ணுக்கு ரெண்டும் ஒரே துளசிதான்.

உங்களுக்குப் பக்கத்துல இருக்கிற கிராம்பையே சொல்லுதேன். மாறாமலைல விளையுத கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடு கெடச்சுதுல்லா, அந்த மாதிரி ஒரு சரக்க லேப்ல எப்படி சோதிப்பாங்கன்னா, நல்லா காஞ்ச கிராம்ப இடிச்சு உருண்டை பிளாஸ்க்ல தண்ணியோட போட்டு கொதிக்க விடுவாங்க, மேல கிளெவெஞ்சர்னு ஒரு கண்ணாடிக் குழாய் செட் இருக்கும், ஆவி மேல போயி குளுந்து தண்ணியும் எண்ணெயுமா அளவுக்கோடு போட்ட குழாய்ல எறங்கும். மத்த வாசனை எண்ணெய் பெரும்பாலும் தண்ணிக்கு மேல மிதக்கும், கிராம்பு எண்ணெய் தண்ணிய விட கனம், அது அடியில போயி உக்காந்துக்கும். அது தெரியாம மிதக்கிற எண்ணெய்க்குண்டான குழாய மாட்டினா எண்ணெய் திரும்ப பிளாஸ்க்குக்கே போயிரும், பிள்ளைங்க எண்ணெய் வரலன்னு முழிச்சிட்டு நிக்கும். நல்ல கிராம்புல நூறு கிராமுக்கு பதினஞ்சு இருபது மில்லி வரைக்கும் எண்ணெய் வரும், அதுல பெரும்பங்கு யூஜெனால். பல்லு வலிக்கு கிராம்பு வைக்கச் சொல்லுத பாட்டி வைத்தியமும் பல் டாக்டர் கிளினிக்ல அடிக்கிற வாசமும் அதே யூஜெனால்தான். அந்த எண்ணெய ஒரு சொட்டு எடுத்து ஜிசி-எம்எஸ் மெஷின்ல ஏத்தினா உள்ள என்னென்ன எத்தன சதவீதம்னு தனித்தனியா பிரிச்சுக் காட்டிரும். இந்த மெஷின ஓட்டவும் அது தாற கிராஃப வாசிக்கவும் தெரிஞ்ச பிள்ளைக்குத்தான் வேலை, செடி பேரு நூறு மனப்பாடமா சொல்லுத பிள்ளைக்கு கைதட்டல் மட்டும்தான்.

காளான் கதையும் அப்படித்தான். இடி இடிச்சு மழை பெஞ்சா கரையான் புத்துல முளைக்குமே, உங்க வீட்டுலயும் கறி வச்சிருப்பீங்க, அதை கரையான்தான் புத்துக்குள்ள வளக்குது, அதனாலதான் சிப்பிக் காளான் மாதிரி பையில போட்டு யாராலயும் அதைப் பண்ணைல வளத்து விக்க முடியல. காளான்ல எர்கோஸ்டெரால்னு ஒண்ணு இருக்கு, வெயில்ல காய வச்சா அது வைட்டமின் டி2வா மாறும். பீட்டா குளுக்கான், பீனாலிக்ஸ், புரதம்னு சத்துப் பொருள எல்லாம் அளக்கிறது ஒரு பக்கம்னா காட்மியம், பாதரசம் மாதிரி உலோகத்த மண்ணுல இருந்து உறிஞ்சி வச்சிருக்கான்னு பாக்கிறது இன்னொரு பக்கம், ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமா படுது, ஏன்னா சத்து இருக்குன்னு சொல்ல ஆயிரம் பேரு வருவாங்க.

இதுல ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். பிள்ளைக்கு ஆர்வம்னு காட்டுக் காளான பறிச்சு ருசி பாக்க விட்டுராதீங்க. வெள்ளிக் கரண்டி கறுத்தா விஷம், பூண்டு நிறம் மாறினா விஷம், நல்லா வேக வச்சா விஷம் போயிரும், இது எல்லாமே தப்பு. அமானிட்டான்னு ஒரு ஜாதி, அதுல சிலதுல இருக்கிற ஆல்ஃபா அமானிட்டின்ங்கிற விஷம் வேக வச்சாலும் அழியாது, நம்ம செல்லுல ஆர்என்ஏ உண்டாக்குத என்சைமையே கட்டிப் போட்டுரும், தின்னு ஆறு மணி நேரத்துக்குப் பொறவுதான், சில பேருக்கு ஒரு நாள் கழிச்சுதான் வாந்தி பேதி தொடங்கும், நடுவுல சுகமான மாதிரி இருக்கும், அதுக்குப் பொறவு ஈரல் போயிரும். ஆசைக்கு வேணும்னா ஸ்போர் பிரிண்ட், அதாவது காளானோட வித்துப் பொடி படம், எடுத்துப் பாக்கட்டும். தண்ட வெட்டிட்டு குடைய மட்டும் கீழ்ப்பக்கம் படுற மாதிரி வெள்ளப் பேப்பர்ல வச்சு டம்ளர் கவுத்தி ராத்திரி விட்டா காலைல பொடி விழுந்து ஒரு படம் நிக்கும். பொடி பச்சையா விழுந்தா அது புல்தரைல முளைக்கிற விஷக் காளான், சும்மா பாத்தா சாப்பிடுதது மாதிரியே இருக்கும். பச்ச இல்லன்னா தின்னலாம்னு அர்த்தம் கெடையாது, பாத்துட்டு கைய சோப்பு போட்டு கழுவச் சொல்லுங்க.

இப்ப படிப்பு. பேருல மூலிகை, ஹெர்பல்னு இருக்கிற கோர்ஸ் எதையும் தேடாதீங்க, குறிப்பா ஆறு மாச சர்டிபிகேட்னு சொல்லி பெரிய ஃபீஸ் கேக்கிற எடங்கள். என் ஓட்டு பிஎஸ்சி கெமிஸ்ட்ரிக்கு. நாகர்கோவில், மார்த்தாண்டம் காலேஜ்லயே இருக்கு, வீட்டுல இருந்து பஸ்ல போய்ட்டு வரலாம், ஹாஸ்டல் செலவு இல்ல. சில காலேஜ்ல கெமிஸ்ட்ரிக்கு அலைடு பேப்பரா, அதாவது துணைப் பாடமா, மேக்ஸ் வரும், சில எடத்துல பாட்டனியோ ஜுவாலஜியோ வரும், உங்க பிள்ளைக்கு பிளஸ் டூல மேக்ஸ் இல்லாததால அத மொதல்லயே கேட்டுருங்க, பாட்டனி அலைடு கெடச்சா ரொம்ப கொள்ளாம். பயோகெமிஸ்ட்ரியும் நல்ல படிப்புதான், ஆனா அத படிச்சா ஆஸ்பத்திரி லேப்ல வேலைன்னு பாதிப்பேரு நம்பிச் சேருதாங்க, ஆஸ்பத்திரி லேப்புக்கு எடுக்கிறது டிஎம்எல்டி, பிஎஸ்சி எம்எல்டின்னு லேப் டெக்னீஷியன் படிப்பு படிச்சவங்களத்தான். ஸ்கூல் டீச்சர் வேலைக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கு வாய்ப்பு ரொம்பக் குறச்சல். கெமிஸ்ட்ரின்னா எதுவும் சரியா வரலன்னாலும் பிஎட் போட்டு ஒதுங்க ஒரு எடம் இருக்கு. தகப்பனா உங்களுக்கு அந்த ஆறுதல் வேணும்லா.

கட் ஆஃப் நல்லா இருந்தா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக கவுன்சிலிங்குக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைங்க, ஹார்ட்டிகல்ச்சர் கெடச்சா யோசிக்காம சேத்துருங்க. பொறவு எம்எஸ்சில வாசனைப் பயிர், மருந்துப் பயிர் பக்கம் போகலாம், காளான் அங்க பயிர் நோயியல் பிரிவுல வரும், பால் காளான்ல ஏபிகே 2ங்கிற ரகம் அந்தப் பல்கலைக்கழகம் விட்டதுதான். பி.பார்ம் படிச்சிட்டு எம்.பார்ம்ல பார்மகோக்னசி, அதாவது மூலிகை மருந்துப் பொருள் பத்தின பாடம், எடுக்கிறதும் நேர் வழி, பணம் கூட ஆகும். சித்தா, ஆயுர்வேதான்னா நீட் வேணும், அது வைத்தியம் பாக்கிற படிப்பு, பிள்ள கேக்கிறது அது இல்ல.

மூணு வருஷத்தோட நிறுத்தினா என்ன வேலைன்னு கேட்டிருந்தீங்க. மருந்துக் கம்பெனி, மசாலாக் கம்பெனி குவாலிட்டி கன்ட்ரோல் லேப்ல எடுப்பாங்க, கொச்சி தாண்டி கோலஞ்சேரி, அங்கமாலி பக்கம் மொளகு, இஞ்சி, மஞ்சள்ல ஓலியோரெசின்ங்கிற கெட்டிச் சாறு எடுக்கிற பெரிய ஃபேக்டரிங்க இருக்கு. ஆரம்ப சம்பளம் நர்சுக்கு வெளிநாட்டுல கெடைக்கிறத நெனச்சுப் பாத்தா ஒண்ணுமே இல்ல, அத மறைக்க மாட்டேன். இந்த லைன்ல காசு லேட்டாத்தான் வரும், எம்எஸ்சி வரைக்கும் அஞ்சு வருஷம் வீட்டுல தாங்கணும். அதுக்குப் பொறவு சிஎஸ்ஐஆர் நெட்ங்கிற தேசிய அளவுத் தேர்வு எழுதி ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டான்னா பிஎச்டி படிக்கும்போதே மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அந்த எக்ஸாம் லேசு கெடையாது.

ஆராய்ச்சிக்கு எடம் எங்கன்னா, மூலிகைக்கு லக்னோ, காளானுக்கு சோலன்னு வடக்க வரைக்கும் போக வேண்டாம், நமக்கு திருவனந்தபுரம் கைக்கெட்டுற தூரம். அங்க சிஎஸ்ஐஆரோட நிஸ்ட் (NIIST) ஆராய்ச்சி நிலையம் இருக்கு, நெடுமங்காடு தாண்டி பாலோட்டுல ஜவஹர்லால் நேரு தாவரவியல் தோட்டம் இருக்கு. 1987ல விஞ்ஞானிங்க அகத்தியமலைக்கு போனப்போ கூட வந்த காணிப் பழங்குடிக்காரங்க களைப்பே இல்லாம ஏறுதத பாத்து, அவங்க மென்ன காய் என்னன்னு கேட்டு, அது ஆரோக்கியப்பச்சைன்னு தெரிஞ்சு, பொறவு பாலோட்டு லேப்ல பிரிச்சுப் பாத்து, ஜீவனின்னு ஒரு மருந்து உண்டாக்கி 1995ல கோயம்புத்தூர் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தாங்க, பத்து லட்சமும் ரெண்டு சதவீத ராயல்டியும், வந்ததுல பாதி காணி மக்களுக்கு. நம்ம மலைலயும் காணி மக்கள் இருக்காங்க, பிள்ள எப்பவாவது அவங்ககிட்ட போயி கேட்டு ஆராய்ச்சி பண்ணுத காலம் வந்தா இந்தக் கணக்கு ஞாபகம் இருக்கணும். இந்த மாதிரி பங்கு கொடுக்கிறதுக்கு 2002 உயிரிப் பல்வகைமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அது போக சரணாலயக் காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு இலை கூட பறிக்கக் கூடாது, அதையும் சொல்லி வைங்க.

உங்க மச்சினர் விக்கிற கனோடெர்மாங்கிற காளான் கேப்சூல் பத்தியும் கேட்டிருக்கீங்க, சுகர் போகும் கேன்சர் போகும்னு சொல்லுதாராம். அந்தக் காளான்ல ட்ரைடெர்பினாய்டுன்னு ஒரு வகை வேதிப்பொருள் இருக்கிறது உண்மை. லேப்ல டிபிபிஹெச்னு ஊதாக் கலர் கரைசல்ல சாற ஊத்தினா மஞ்சளா மாறும், ஆன்டிஆக்சிடன்ட் இருக்குன்னு எழுதுவாங்க, நம்ம புளியங்கொட்டத் தோல் சாறும்தான் மாத்தும். டெஸ்ட் ட்யூப்ல கலர் மாறினதுக்கும் மனுசன் உடம்புல நோய் மாறினதுக்கும் நடுவுல வருஷக்கணக்கான வேலை கெடக்கு. சுகர் மாத்திரைய நிறுத்திறாதீங்க.

சரி, இப்ப செய்ய வேண்டியது. ரெண்டு மூணு காலேஜுக்கு பிள்ளையையும் கூட்டிட்டு நேர்ல போங்க. ஆபீஸ்ல ஃபீஸ் மட்டும் கேட்டுட்டு வராதீங்க, கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்குப் போயி லேப்ல ஹெச்பிஎல்சி (சாறுல உள்ள பொருள பிரிச்சு அளக்கிற மெஷின்) இருக்கா, இருந்தா பிஜி பிள்ளைங்க மட்டும் தொடுதாங்களா டிகிரி பிள்ளைங்களும் தொடலாமா, கடைசி வருஷம் ப்ராஜெக்ட் காலேஜுக்குள்ளயா வெளி லேப்புக்கும் விடுவாங்களா, இத கேளுங்க. மெஷின் துணி போட்டு மூடிக் கெடந்தா அதுலயே உங்களுக்கு பதில் கெடச்சிரும். மார்க் ஷீட் போட்டோவும் போன காலேஜுங்க பேரும் அனுப்புங்க, எதுல சேக்கலாம்னு பாத்துச் சொல்லுதேன்.