சம்ப்பில் சேறு: ஆளையும் இறக்காதீர்கள், ஆசிட்டும் ஊற்றாதீர்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மழைநீர் பிடிக்க 10,000 லிட்டரில் சிமெண்ட் சம்ப் கட்டியிருக்கிறோம். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பதால் சமையலுக்கு இதுதான். சுத்தம் செய்ய வந்தவர், தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டும் என்கிறார். செய்யலாமா?"

வேண்டாம்மா. அடியில் படிந்திருப்பது பெரும்பாலும் மாடியிலிருந்து வந்த புழுதியும் மக்கிய இலையும்தான். கலக்காத வரை மேல் தண்ணீருக்குப் பெரிய கெடுதல் இல்லை. நல்ல தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றிப் புழங்கிக்கொண்டே வாருங்கள். கடைசி ஒரு அடி நிற்கும்போது, புரட்டாசி மழைக்கு முன்னால், சேறு இறைக்கும் சிறிய மோட்டாரை வாடகைக்கு எடுத்துக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். நீளக் கம்பு கட்டிய பிரஷ்ஷால் மேலே நின்றபடியே தேய்த்துவிட்டு, சேற்றைத் தென்னைக்கு விடுங்கள். மோட்டார் ஓடும்போது தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

ஆசிட் சிமெண்டையே அரிக்கும். பூச்சு உதிர்ந்து, அடுத்த வருஷம் அந்த மணலும் சேர்ந்து சேறாகும். அவருக்கு மறுபடி வேலை. உள்ளே பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். சேறு அழுகிய மூடிய சம்ப்பில் காற்றே போதாது. இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். பெட்ரோல் எஞ்சினை உள்ளே இறக்கினால் புகையே ஆளைக் கொல்லும். கூலிக்கு வந்தவர்தானே என்று யாரையும் இறக்காதீர்கள்.

இதே ஆட்கள் ஆர்.ஓ. மெஷினும் விற்பார்கள். டம்ளரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள், தண்ணீர் பழுப்பாகும். அது கம்பியின் இரும்பு கரைந்து வரும் நிறம். அதைப் பார்த்துப் பயந்து பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும், தண்ணீரை மொத்தமாக இறைக்க வேண்டாம் என்று நான் சொன்னது பொருந்தாது. ராத்திரி மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். மழையும் இல்லாமல், யாரும் தண்ணீர் விடாமல், காலையில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் வெளியிலிருந்து ஊறுகிறது என்று அர்த்தம். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதுவாகவே இருக்கலாம். அப்போது ஒரு சொட்டும் வாயில் வைக்காமல், முழுக்க இறைத்து, விரிசலை அடைத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் புழங்க வேண்டும். மட்டம் இறங்கியிருந்தாலும் விரிசல்தான், அதையும் அடையுங்கள்.

சேறு வரும் வழியை அடைக்காமல் சம்ப்பை மட்டும் கழுவிப் பயனில்லை. 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு சரி. முதல் மழையை வெளியே தள்ள வழி இருக்கிறதா என்று கேட்க ஆளில்லை. எத்தனை வருஷமாய் இதைச் சொல்வது! 1,000 சதுர அடி மாடியில் 2 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 185 லிட்டர் அழுக்குத் தண்ணீர் வரும். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயில் இணைத்தால் அது அங்கேயே நின்றுவிடும். மழை விட்டதும் டிரம்மைக் காலி செய்துவிடுங்கள்.

சம்ப் மறுபடி நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது உங்களுக்கு 25 கிராம், புதுப் பிளீச்சிங் பவுடர் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள்.